கேட்டுவிட்டுப் போனவள்

சோப்புக் கம்பெனி சர்வே என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி அபிஷேகப்பாக்கத்துக்கு வந்தாள். சோப்பைப் பற்றிப் பேருக்கு ஏதோ கேட்டாள். பிறகு, சாமிநாதன் மகள் இளவரசி வேலைக்கு யாரோடு போகிறாள், போனில் அதிகம் பேசுவாளா, எப்போதாவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாளா என்று வீடு வீடாக விசாரித்தாள். மோர் கொடுத்து உட்காரவைத்தவர்கள் தெரிந்ததைச் சொன்னார்கள். அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் பேச்சு கிளம்பியது. ஒன்றும் இல்லாமலா இத்தனை கேள்வி கேட்பாள்? ரேஷன் கடை வரிசையில் ஆஸ்பத்திரி என்பது கருக்கலைப்பு ஆனது. இளவரசி கணக்கு எழுதும் உரக்கடையின் முதலாளி பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது.

பாகூரிலிருந்து போன் வந்தபோது இளவரசிதான் எடுத்தாள். அவளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளையின் அம்மா சுலோசனா சுற்றி வளைக்கவில்லை.

"வில்லியனூர்ல ஒரு டிடெக்டிவ் ஆபீஸ வச்சி விசாரிச்சோம். பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லன்னுதான் எழுதிக் குடுத்தாங்க. ஆனா ஊரே ஒரு மாதிரி பேசுதும்மா. நாளைக்கு எங்களயும் பேசும். இந்த சம்மந்தத்த வுட்டுடுங்க."

மறுநாள் இளவரசி அந்த ஆபீஸின் மாடிப்படி ஏறினாள். உரிமையாளர் கணேஷ்குமார் நாற்காலி காட்டி, மரியாதையாகத்தான் பேசினார்.

"எம்மேல கொறையில்லன்னு எழுதினீங்கல்ல சார்? அத எங்க ஊருல வந்து ஒரு வாட்டி சொல்லிடுங்க."

"அது பணம் கட்டின பார்ட்டியோட ரிப்போர்ட்டும்மா. வெளிய சொன்னா எந்தொழிலு இன்னா ஆவறது?"

"ஊரு பூரா என்னப் பத்திக் கேட்டது மட்டும் வெளிய தெரியலாமா?"

அவர் தலைக்கு மேல் சட்டம் போட்ட லைசென்ஸ் ஒன்று தொங்கியது. யார் கொடுத்தது என்று கேட்டாள்.

"கொம்யூன் பஞ்சாயத்துல குடுத்தது. கடை நடத்தற லைசென்சு. கீழ இருக்கற பேக்கரிக்கும் அதேதான்."

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இந்த டிடெக்டிவ் ஆபீசுங்களுக்குன்னு தனியா சட்டமே இல்லம்மா. டெல்லியில ஒரு மசோதா கொண்டாந்தாங்க, அதுவும் அப்பிடியே போயிடுச்சி. விசாரிக்கற தொழிலுக்குன்னு ஒரு லைசென்சு இருந்தாத்தான ரத்து பண்ணச் சொல்லி எழுத முடியும்? கேள்வி கேட்டது குத்தம்னு நான் எந்த செக்‌ஷன்ல போடுவேன்?"

வீடு திரும்பியவளை அப்பா வாசலிலேயே நிறுத்தினார். சில நாட்களாகச் சாமிநாதன் டீக்கடைப் பக்கம் போவதில்லை. கரும்புக் கொல்லைக்குக்கூடச் சுற்றுவழியாகத்தான் போய்வந்தார்.

"நெசமா ஒண்ணும் இல்லல்லம்மா?" என்று கேட்டார்.

இளவரசி அவரைப் பார்த்தாள். இவருமா என்று இருந்தது. பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம், பயிருக்கு வாங்கிவைத்த மருந்தைக் குடித்துவிட்டுக் கரும்புக்குள் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே போய்ச் சேர்ந்தார். ஒரு வார்த்தை, இல்லப்பா என்று சொல்லியிருக்கலாம். பிணவறை வாசலில் உட்கார்ந்து இளவரசி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஏட்டு வந்து வாக்குமூலத் தாளை நீட்டினார். தீராத வயிற்று வலியால் விஷம் அருந்தியதாக அதில் எழுதியிருந்தது.

"அப்பாவுக்கு வயித்து வலியே வந்ததில்ல சார். அந்த டிடெக்டிவ் ஆபீஸ் பேர எழுதுங்க."

"எழுதினா விசாரணை இழுக்கும்மா. மறுபடியும் உங்க ஊருக்கு வந்து வூடு வூடா ஒன்னப் பத்திக் கேக்கணும். வேணுமா?"

அம்மா தையலம்மாள் மகளின் கையைப் பிடித்துப் பேனாவை அதில் வைத்தாள். இளவரசி கையெழுத்துப் போட்டாள்.

வயிற்று வலியை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. ஒன்றும் இல்லாமலா அந்த மனுஷன் மருந்து குடிப்பான் என்று, பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே இளவரசியின் காதில் விழுந்தது.