முதலில் மெயின் கதை

2025 மார்ச் 8, சனிக்கிழமை காலை 11.40 மணிக்கு, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் ஆறாம் மாடியில், அறுபத்தேழு வயது குணேஸ்வரி வீடியோ கேம் ஒன்றின் கடைசி அரக்கனைக் கொன்றார்.

கையோடு கிள்ளானில் இருக்கும் மகன் கௌசிகனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, மெயின் கதை முடிஞ்சது. இப்ப தீவைப் போட்டுத் தருவியா?"

மதியமே வருவதாகச் சொன்னான் கௌசிகன். தீவு என்பது அந்த விளையாட்டுக்குப் பின்னால் வந்த கூடுதல் பகுதி; தனியாக வாங்கி இறக்க வேண்டும். கல்யாணமாகிப் போகும்போது அவன் விட்டுப்போன கேம் பெட்டியில்தான் அம்மா விளையாடப் பழகினார். ஒன்றரை வருடத்துக்கு முன், விளம்பரத்தில் தீவின் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, அங்கே எப்போது போகலாம் என்று கேட்டார். அப்போதே போயிருக்கலாம். விளையாட்டில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய எவரும் தீவுக்குப் படகேறலாம். அவர் தாண்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனால் தீவைப் பெட்டியில் ஏற்றித் தர அவன் நேரில் வரவேண்டும். வாரம் முழுக்கத் துறைமுகத்தில் வேலை பார்த்தவனுக்கு விடுமுறை நாளில் ரயிலேற அலுப்பாக இருந்தது. "முதல்ல மெயின் கதைய முடிங்கமா, அப்பதான் திறக்கும்" என்று சொல்லி வைத்தான்.

வேறு யாராவது என்றால் நாலு பேரிடம் விசாரித்திருப்பார்கள். குணேஸ்வரி நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிளார்க். ஒரு ஃபைலை மூடாமல் அடுத்ததைத் திறந்ததில்லை. பக்கக் கதைகளைக்கூட ஒன்று விடாமல் நோட்டில் எழுதி, முடிய முடிய டிக் போட்டார்.

மதியம் கௌசிகன் வந்தபோது நாற்காலி டிவியிலிருந்து ஒரு முழத்தில் கிடந்தது.

"ஏம்மா இவ்வளவு கிட்ட?"

"நடுவுல கறுப்பா தெரியுது. ஓரத்தால பார்த்துத்தான் அடிச்சேன். அரக்கன் பெருசுலா, குறி தப்பல."

"எத்தனை நாளா?"

"தீபாவளிக்கு முன்ன இருந்து. கிளினிக்ல கண்ணுல ஊசி போடுறாங்க. நீ வேலைல இருப்பேன்னு சொல்லல."

அவர் தீவைக் கேட்ட பிறகு ஒரு வருடம் முழுவதும் அந்தக் கண்கள் நன்றாக இருந்தன. கௌசிகன் தீவை இறக்கினான்.

படகு கரை சேர்ந்தது. கலங்கரை விளக்கம் திரையின் நட்டநடுவில் நின்றது. குணேஸ்வரி கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். இரண்டு முறை கடலில் விழுந்தார்.

"எங்க இருக்கு தம்பி?"

"நேரா முன்னாலமா." அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை. "அம்மா, இது அப்பவே திறந்துதான் இருந்துச்சு. பாலம் தாண்டினதுமே வந்திருக்கலாம்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னே?"

வேலை, ரயில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏதேதோ வாய்வரை வந்தது.

"வர சோம்பலா இருந்துச்சு."



"நல்ல ஆபீசர்டா நீ. கையெழுத்துப் போட வர அலுப்பு, ஃபைல் ஒன்றரை வருஷம் கிடப்புல." சிரிக்காமல் சொன்னார். கண்ட்ரோலரை அவன் மடியில் வைத்தார். "நீ ஓட்டு. கரைல இருக்கிற போர்டுல எழுதியிருக்கிறதச் சத்தமா படி."

அவன் படித்தான்.

"விளக்குக் கோபுரம் என்ன நிறம்?"

"வெள்ளைமா. சிவப்புக் கோடு."

"ம்."

மாலை ஆறரை வரை விளையாடினார்கள். தீவில் நான்கு விழுக்காடு முடிந்தது. அடுத்த சனிக்கிழமை கௌசிகனுக்கு ஓவர்டைம். அதற்கடுத்த வாரம் வந்தவனிடம், கண் இனி ஒத்துழைக்காது, இது இனி உன் ஃபைல் என்று பெட்டியைக் கிள்ளானுக்கே எடுத்துப் போகச் சொன்னார் குணேஸ்வரி. அவன் எடுத்துப் போனான்.