சின்ன வட்டம் எந்தப் பக்கம்

உலகத்தின் போக்கையே மாற்றப்போகும் செய்தி இது: சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, புல்வெளிப் பந்துருட்டுச் சங்கத்தின் தலைவரோடு, சங்கத்தில் புல் வெட்டுகிறவர் மோதுகிறார். இந்த அறிவிப்பை முத்திரை குத்தி, கழிப்பறைக் கதவு உட்பட ஐந்து இடங்களில் ஒட்டியிருந்தார்கள்.

பதினோரு வருஷமாக அந்தப் புல்லை வெட்டியவருக்கு, அதன்மேல் விளையாடிப் பார்க்க ஆசை. தலைவரைத் தோற்கடித்தால்தான் உறுப்பினராகலாம் என்பது சங்க விதி. தலைவர் வேறு யாருமில்லை, புல் வெட்டுகிறவருடைய மனைவியின் அண்ணன்.

"கேளுங்க மாப்ளே," தலைவர் தொண்டையைச் செருமினார். "அந்தக் குட்டி வெள்ளைப் பந்துதான் குறி. ஆளுக்கு நாலு பந்து. குறிக்கு ரொம்பப் பக்கத்துல யாரு பந்து நிக்குதோ, சுற்று அவருக்கு."

"சுற்றுக்கு ஒரு புள்ளியா?"

"எதிராளியோட நல்ல பந்தை விடவும் கிட்டக்க உங்க பந்து எத்தனை கிடக்குதோ, அத்தனை புள்ளி. முதல்ல இருபத்தொண்ணு எடுக்கறவர் ஜெயிச்சாரு."

"பந்து ஏன் மச்சான் நேரா போகாம வளையுது?"

"முழு உருண்டை இல்ல, ஒரு பக்கம் சாய்வு. சின்ன வட்டம் போட்ட பக்கமா வளையும். இதெல்லாம் கைக்கு வர ஒரு ஜென்மம் வேணும்."

புல் வெட்டுகிறவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தினமும் காலையில் புல்லில் பார்க்கும் வளைந்த தடங்களின் ரகசியம் இதுதானா! முதல் பந்தில் சின்ன வட்டத்தை வெளிப்பக்கம் வைத்துவிட்டார். அது பக்கத்து ஆடுகளத்துக்கு விருந்தாளியாகப் போனது. தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அப்புறம் புல் வெட்டுகிறவர் தடங்களைப் பார்த்தே உருட்டினார். எப்படியோ இருபதுக்கு இருபது வந்து நின்றது. தலைவர் சிரிப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

கடைசிச் சுற்றில் புல் வெட்டுகிறவரின் பந்து குறிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதைவிடக் கிட்ட எதுவும் இல்லை. தலைவர் கையில் ஒரே ஒரு பந்து பாக்கி.

"நல்லா கவனிங்க மாப்ளே. மூச்சு, முழங்கால், மணிக்கட்டு..." பாடம் நடத்தியபடியே தலைவர் உருட்டினார். சின்ன வட்டம் வெளிப்பக்கம் இருந்தது. பந்து குறியை ஏறெடுத்தும் பார்க்காமல் எதிர்ப்பக்கம் வளைந்து, எல்லையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது.

"மச்சான், வட்டத்தைப் பார்த்தீங்களா?"

"காத்து," என்றார் தலைவர்.

ஓர் இலைகூட அசையவில்லை.

உறுப்பினர் அட்டை ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை உறுப்பினர் புல் வெட்டினார்.