கேள்விக்குறி நோயாளிகள்

ஐம்பத்து மூன்று மணி நேரம் இருபது நிமிடம் ஆயிற்று, மருத்துவமனையின் புதிய சர்வரில் நோயாளிகளின் விவரங்களை வைக்கும் டேட்டாபேஸ் ஏறி முடிக்க. ஒரு வார வேலை. ஏழாவது முயற்சியில்தான் ஏறியது. முதலில் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்றது. இடம் கொடுத்ததும் மெமரி போதவில்லை என்றது. பாஸ்வேர்டில் ஒரு சிறப்புக் குறி கட்டாயம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பாதி வழியில் அதே குறியைப் பார்த்து மயங்கி விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார்கள். முதல் தோல்விக்கு அரைப் பக்கம் விளக்கம் வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, ஐந்தாவது தோல்விக்கு வந்தது இரண்டே சொல்: 'தெரியாத பிழை.'

"எனக்கும்தான் தெரியாது" என்று திரையிடம் சொல்லிவிட்டு, அழித்து மறுபடி ஆரம்பித்தாள் அவள்.

வேதியியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். அதனால் அவளுடைய அதிகாரி 'கெமிஸ்ட்ரி' என்றே கூப்பிடுவார். ஆறு மாதச் சோதனைக் காலம் இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

ஏழாவது முறை ஓடிக்கொண்டிருந்தபோது அவள் முகம் கழுவப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அவள் நாற்காலியில் அதிகாரி. காதில் போன், கையில் மவுஸ். திரை கேட்ட கேள்விக்கெல்லாம் 'அடுத்து, அடுத்து' என்று தட்டி முடித்திருந்தார்.

"பாத்தியா கெமிஸ்ட்ரி? எல்லாத்துக்கும் கைராசி வேணும்."

அந்தக் கேள்விகளில் ஒன்று, எந்த மொழியின் எழுத்துகளைச் சேமிக்க வேண்டும் என்பது. ஆங்கிலம் மட்டும் என்று பதிவாகியிருந்தது. பதிந்தால் பதிந்ததுதான், மாற்ற வேண்டுமென்றால் அழித்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். பழைய சர்வரில் இருந்த விவரங்களைப் புதியதில் கொட்டிப் பார்த்தாள். செவிலியர்கள் தாய்மொழியில் எழுதியிருந்த அத்தனையும் கேள்விக்குறிகளாக வந்து வரிசை கட்டி நின்றன. பெயர்: ??????. ஒத்துக்கொள்ளாத மருந்து: ?????????.

"பேஷண்ட் நம்பர் சரியா இருக்குல்ல? அதை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சுக்கலாம்" என்றார் அதிகாரி.

"எந்த மருந்து ஒத்துக்காதுன்னு எதை வச்சு சார் கண்டுபிடிக்கிறது?"

"உனக்கு லெட்டர் வேணுமா, வேணாமா?"

மறுநாள் நான்கு மணிக்குக் கூட்டம். வேலை முடிந்தது என்ற படிவத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். பழைய சர்வர் வாடகைக்கு எடுத்தது. அன்றே ஐந்து மணிக்கு அதை நிறுத்தி, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கூட்டத்தன்று மதியம் அக்கா போன் செய்தாள்.

"உனக்கெதுக்குடி ஊர் வம்பு? கையெழுத்தைப் போட்டுட்டு வா. கல்லுல முட்டினா கல்லா உடையும்?"

"முட்டிப் பாத்தாத்தானே தெரியும்."

"என்கிட்ட மட்டும் வாய் கிழியும். அங்க போய்ப் பேசேன், பாப்போம்!"

அதுவும் உண்மைதான். மூன்று பேர் இருக்கும் அறையில் அவளுக்குக் குரல் எழும்பாது. அக்காவிடம்கூட அன்று அவள் முழுதாகச் சொல்லவில்லை.

கூட்ட அறையில் ஆறு பேர். அதிகாரி தன் கைராசியைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, படிவத்தையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். தலைமைச் செவிலி, முந்தின நாள் எடுத்த அச்சுத்தாள் ஒன்றை மேசையில் விரித்தார்.

"ஒரு நிமிஷம். இந்தக் கேள்விக்குறி அம்மாவுக்கு நான் என்ன ஊசி போடறது? பக்கத்துக் கட்டில்லயும் ஒரு கேள்விக்குறி ஐயா படுத்திருக்காரே?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "அது பேப்பர்ல வர்றதுதான் சிஸ்டர் அப்படி. உள்ள எல்லாம் சரியா இருக்கு."

"இல்ல சார்" என்றாள் அவள்.

யாருக்கும் கேட்கவில்லை. மருத்துவமனை இயக்குநர் அம்மாள் மட்டும் திரும்பினார். "என்னம்மா? சத்தமாச் சொல்லு."

காது மடல் இரண்டும் கொதித்தன. பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தாள்.

"உள்ளயும் கேள்விக்குறிதான் மேடம். பழசை நிறுத்திட்டா, யாருக்கு எந்த மருந்து ஆகாதுங்கிறது எங்கயுமே இருக்காது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சின்னப் பொண்ணு மேடம், பயந்துட்டா." அதிகாரி நாற்காலியைத் தள்ளி எழுந்தார். "வெள்ளிக்கிழமை நான் பாத்துக்கறேன். பத்து நிமிஷம் குடுங்க, கீழ போய் டேட்டாபேஸைத் திறந்தே காட்டிடறேன்."

அவர் கதவருகே போனார். அவள் எழுந்து நின்றாள். அறை முழுக்கக் கேட்டது அவள் குரல்.

"போக வேணாம் சார். புது டேட்டாபேஸ் இப்ப அங்க இல்ல. காலையில வந்ததும் நானே அழிச்சுட்டேன்."