சோடா மெஷின் வாங்காத மனிதர்

என் கணவருக்கு ஒரு பொருளை வாங்குவதைவிட, அதை வாங்கலாமா என்று யோசிப்பதில்தான் சுகம். எங்கள் வீட்டு மிக்ஸியை அவர் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் நான் பக்கத்து வீட்டு மிக்ஸியை இரவல் வாங்கியே பாதி தேய்த்துவிட்டேன். ஒரு மிதியடி வாங்கப் போனால்கூட நாலு கடை ஏறி இறங்கி, "அடுத்த வாரம் வரேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வருவார். கடைத்தெருவில் அவரைக் கண்டால் யாரும் நாற்காலி எடுத்துப் போடுவதில்லை.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் இரண்டே இரண்டு முடிவுகளைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்திருக்கிறார். ஒன்று நான். பல் வலி என்று என் கிளினிக்குக்கு வந்தவர், வாயில் வைத்த பஞ்சை எடுக்கக்கூடப் பொறுக்காமல் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டார். இன்னொன்று, எங்கள் ஷெட்டில் நிற்கும் கார்.

இரண்டே கதவுள்ள அந்தக் காருக்குக் கிட்டத்தட்ட என் வயது. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்தாராம், அங்கேயே கைகுலுக்கிவிட்டாராம். வண்டி வீட்டுக்கு வந்த அன்று என் நாத்தனார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பெயின்ட் மட்டும்தான்டா நிக்குது. உள்ள ஒண்ணும் இருக்காது" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு வாய் கூசாது.

காரைப் புதுசாக்க வேண்டுமென்றால் முதலில் பழைய பெயின்ட்டை உரிக்க வேண்டும். மணலை அடித்தால் மெல்லிய தகடு சூடேறி நெளிந்துவிடுமாம். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் இந்த ஜென்மம் போதாதாம். அதனால் சோடா உப்பைக் காற்றின் வேகத்தில் அடிக்கும் மெஷின்தான் சரி, பெயின்ட் போகும், தகட்டுக்கும் கண்ணாடிக்கும் ஒரு கீறல் விழாது என்றார். நல்லது, வாங்குங்கள் என்றேன். அங்கே ஆரம்பித்தது வினை.

"தொட்டி வெச்ச மெஷின் வேகமா உரிக்கும். ஆனா அதுக்குக் காத்தடிக்கிற பெரிய கம்ப்ரஸர் வேணும். துப்பாக்கி மாடல் மலிவு, ஆனா மெதுவா போகும்" என்பார் காலைச் சாப்பாட்டில். "பிரஷரை மட்டும் பாத்து ஏமாறக் கூடாது. நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து தள்ளுதுன்னு பாக்கணும்" என்பார் ராத்திரிச் சாப்பாட்டில். நடுவில் ஒருநாள் என் சமையலறை டப்பாவிலிருந்து சோடா உப்பை எடுத்து விரலில் தேய்த்து, "இது ரொம்ப நைசு. குழாய்ல அடைச்சுக்கும்" என்று திருப்பி வைத்தார். இன்னொரு நாள் காற்றில் ஈரம் இருந்தால் உப்பு கட்டி தட்டிவிடும் என்று கவலைப்பட்டார். இப்படியே நாலு வருஷம். எனக்குக் காது புளித்துவிட்டது. ஷெட்டில் கார் சுகமாக நிற்க, என் ஸ்கூட்டர் வெளியே மழையில் நனைந்தது.

ஒரு நாள் அந்த ஸ்கூட்டர் கிளம்பவே மாட்டேன் என்றது. கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். நான் மழையில் நடந்தே போனேன். போன கையோடு பழைய இரும்புக்காரருக்கு போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து காரை எடுத்துட்டுப் போங்க" என்றேன். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன்:

"அதுக்குள்ள மெஷின் வரணும். இல்லன்னா வண்டி போகணும். இனிமே என்னால முடியாது."

சண்டை போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. "குறைச்சுக் குறைச்சு ரெண்டு மாடலுக்குக் கொண்டு வந்துட்டேன்" என்று முனகினார். பிறகு பேச்சு குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கி வர மனமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். எந்த பிரஷ் நல்லது, எந்த பேஸ்ட் நல்லது, வாய் கொப்பளிக்க எது வாங்கலாம் என்று துருவித் துருவிக் கேட்டார். வாயைத் திறங்கள் என்றால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவார். இந்த மாதிரி ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வலிக்கு அவர்கள் பயப்படுவதில்லை, அதற்கு ஊசி இருக்கிறது. நான் எட்டிப் பார்த்துவிட்டு என்ன சொல்லப் போகிறேனோ என்றுதான் பயம். அதனால்தான் பிரஷ் விசாரித்தே வருஷங்களை ஓட்டுவார்கள்.

பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டு ஆளும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்!

சாயங்காலம் ஹார்டுவேர் கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவான சோடா துப்பாக்கியைக் கேட்டேன். கைப்பிடி, ஒரு முனை, வாளியிலிருந்து உப்பை உறிஞ்ச ஒரு குழாய், அவ்வளவுதான். கூடவே அதற்கென்று விற்கும் பருமனான சோடா உப்பு ஒரு மூட்டை, முகமூடி, கண்ணை மூடும் கண்ணாடி. நான் யார் வீட்டுக்காரி என்று தெரிந்ததும் கடைக்காரர் சிரித்தார்.

"சார் இதைப் பத்தி விசாரிக்காத நாளில்லை. ஆனா இது சின்னதும்மா. கார் முழுக்க அடிக்கணும்னா மாசக்கணக்காகும்."

"முழுக்க அடிக்க வேண்டாம். போடுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளினிக்கிலிருந்த கம்ப்ரஸரை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். வாய்க்குள் அடிக்கிற காற்று என்பதால் அதில் எண்ணெய் கிடையாது, ஈரமும் கிடையாது. கணவர் அதைப் பார்த்துப் பதறினார்.

"இதெல்லாம் பத்தாது! நாலு தடவை அடிச்சா மூச்சு வாங்கும். நின்னு நின்னுதான் அடிக்கணும்."

"நின்னு நின்னே அடிக்கலாம். நான் பெயின்ட் உரிக்கப் போறதில்லை. எங்க நல்லா இருக்கு, எங்க அரிச்சிருக்குன்னு பாக்கப் போறேன். பாத்துட்டா, மத்ததுக்குப் பெரிய கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்துக்கலாம்."

அவர் கம்ப்ரஸரின் குழாயைச் சுருட்டி வைக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, உங்களுக்கு மெஷின் கிடைக்காததா கஷ்டம்?" என்று நேராகவே கேட்டேன்.

காரின் கூரையைக் கையால் தடவினார். "அக்கா சொன்ன மாதிரி உள்ள ஒண்ணுமே இல்லன்னா?" என்றார். "நான் யோசிக்காம எடுத்த முடிவு ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு தப்புன்னு ஆயிட்டா..."

மிச்சமிருக்கும் இன்னொன்று நான். எனக்குச் சுருக்கென்றது. அதுவரை இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தத் தகரம் நன்றாக இருக்க வேண்டுமே என்று எனக்கும் பயம் வந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து இரும்புக்காரர் வேனோடு வந்து நின்றார். "நீங்க முடிங்கம்மா, அவசரமில்லை" என்று ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் முகமூடியையும் கண்ணாடியையும் மாட்டினேன். கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். விசையை அழுத்தியதும் வெள்ளைப் புகை எழுந்தது, பக்கத்து வீட்டு ஜன்னல்கள் பட்பட்டென்று சாத்தப்பட்டன. பானெட்டில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் விலகியது. கீழே சாம்பல் நிறத்தில் நல்ல தகடு. கம்ப்ரஸருக்கு மூச்சு வரும்வரை காத்திருந்து கூரையில் அடித்தேன். நல்ல தகடு. கூரையைத் தாங்கும் தூண்கள், டிக்கி, எல்லாவற்றிலும் ஒவ்வொரு இடம். பழுதில்லை. எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

அப்புறம் கதவுகளின் அடிப்பக்கம் அடித்தேன். பெயின்ட் போனது, அதற்குக் கீழே ஓட்டையை மறைக்கப் பூசும் பட்டி வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் விரல் கனத்துக்குப் பூசி மெழுகியிருந்தார். ஸ்குரூடிரைவரால் குத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போனது. அடுத்த கதவும் அப்படியே. பாயை விலக்கி டிரைவர் சீட்டுக்குக் கீழே பார்த்தால், ஷெட்டின் சிமென்ட் தரை தெரிந்தது.

கெட்ட செய்தி சொல்வதற்கென்று நான் ஒரு குரல் வைத்திருக்கிறேன். எத்தனையோ பேருக்கு அந்தக் குரலில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது வரவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பொய் சொன்னால் நானும் பட்டி பூசியவன் கணக்குத்தான்.

"கதவு ரெண்டும் போச்சுங்க" என்றேன். "தரையில பாதி இல்லை."

அவர் திரும்பவில்லை. "கூரை?"

"நல்லா இருக்கு."

"தூணு?"

"அசைக்க முடியாது. பானெட், டிக்கி எல்லாம் நல்லா இருக்கு."

"அப்ப பிழைச்சுக்குமா?"

"பிழைச்சுக்கும். வேற கதவு போட்டு, தரைக்குத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணணும். டிங்கரிங்காரர் செய்வார். செலவாகும், ஆனா பிழைச்சுக்கும்."

அவர் திரும்பினார். முகமெல்லாம் வெள்ளைத் தூள், கண்ணிலிருந்து அதில் இரண்டு கோடு இறங்கியிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதானா? நாலு வருஷமா முழுசும் போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் தினமும் இதைத் தாண்டிப் போய் வந்தேன்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் துடைக்க முடியவில்லை.

இரும்புக்காரர் வாளியிலிருந்து எழுந்தார். "அப்ப எனக்கு என்ன வழி?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர், "கதவு ரெண்டையும் கழட்டிக்கங்க" என்றார். விலை கேட்கவில்லை, இன்னொரு கடையில் விசாரிக்கவில்லை. காருக்கு வந்த வேன் இரண்டு கதவுகளோடு போனது.

வெயில் ஏறியிருந்தது. இரண்டு பேருக்கும் கால் ஓய்ந்து போயிருந்தது. கதவில்லாத காரில் ஏறி, முன்னால் கால் வைக்கத் தரை இல்லாததால் பின் சீட்டில் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் என் பழைய கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"ஏங்க, வீட்டுக்குள்ளயே ஒரு டாக்டரை வெச்சுக்கிட்டு, இத்தனை நாள்ல ஒரு வார்த்தை என்னைப் பாக்கச் சொல்லியிருக்கலாமே?"

அவர் என் கையிலிருந்த சோடா தூளைத் தட்டிவிட்டார்.

"பாத்தா நீ உண்மையைச் சொல்லிடுவியே" என்றார்.