டாங்க் மூடியில் ஒரு பொட்டு

மஞ்சளாய், நடுவில் குங்குமம் கறுத்து, அவருடைய கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து காய்ந்துபோன அந்தச் சந்தனப் பொட்டு மண்ணெண்ணெய் டாங்க் மூடியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் அதைப் பார்க்காமல் கார்புரேட்டரின் கிண்ணத்தை மறுபடியும் கழற்றிக்கொண்டிருக்கிறேன், நகக்கண்ணெல்லாம் எரிகிறது, சனியன் பிடித்த டிராக்டர், பெட்ரோலில் கிளப்பினால் சமர்த்தாய் ஓடும், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு ஆரம்பிக்கும், உர்ரென்று ஏறும், பம்மி இறங்கும், திரும்ப ஏறும், இளைப்புக்காரன் மாடிப்படி ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கி வாங்கி சேற்றுக்கு நடுவே அடங்கிப்போகும். வரப்பில் வேலுத்தாயின் நடவுக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, பறித்த நாற்றுக் கட்டுகள் வெயிலில் தலை சாய்ந்து கிடக்கின்றன, நான் சேற்றைக் கலக்கித் தொளி அடித்துக் கொடுத்தால்தான் அவர்கள் இறங்க முடியும், ஏத்தா, ஆகுமா ஆகாதா, இல்லேன்னா நாங்க கீழ வயலுக்குப் போறோம் என்கிறாள் வேலுத்தாய், ஆகும்டி, வெத்தலைய மென்னுக்கிட்டுச் சும்மா இரு என்று கத்துகிறேன். வாய்க்கால் பாலத்தில் என் கொழுந்தன் மொக்கராசு நிற்கிறான், அவனுக்குப் பின்னால் பழைய இரும்பு வாங்குகிறவரின் லாரி. வீட்டில் எல்லோர் முன்னாலும் பேசி முடித்ததுதான், இன்றைக்கு வண்டி இந்த வயலை அடித்து முடித்தால் வெள்ளாமை என் கையில், நின்றுபோனால் வண்டி இரும்புக்கு, வயல் வாரத்துக்கு அவன் கையில், ஒத்தப் பொம்பள என்னத்த மதினி செய்வீக என்று அவன் பாசமாகத்தான் கேட்டான், அந்தப் பாசம்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கிண்ணத்தில் ஒரு தூசி இல்லை, எண்ணெய் பீய்ச்சுகிற ஜெட்டை வாயில் வைத்து ஊதுகிறேன், காற்று சீராய்ப் போகிறது, மிதவை மிதக்கிறது, ஊசி உட்காருகிறது, அப்புறம் என்னதான் கேடு இதற்கு, எல்லாவற்றையும் மாட்டி முறுக்குகிறேன், அப்போது அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு, பன்னெண்டு ஸ்பேனர எடுடி என்று கை நீட்டுகிறார், கல்யாணமான நாளிலிருந்து நீட்டிய கை அது. ஊரே டீசல் வண்டிக்கு மாறிவிட்ட காலத்தில், மலை மேல் எஸ்டேட்டில் கழித்துப்போட்ட இந்தக் கிழட்டு மண்ணெண்ணெய் வண்டியை இறக்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியவர், நான் தலையில் அடித்துக்கொண்டேன், அவர் கவர்னரைத் திறந்து காட்டிச் சிரிக்கிறார், வேகம் கொறைஞ்சா இது தொறந்து விடும், வேகம் கூடுனா இழுத்து மூடும், நம்ம ரெண்டு பேரு மாதிரிதான், நான் கத்துனா நீ அடங்குவ, நான் அடங்குனா நீ கத்துவ, ஆமா, இப்போது கத்த நான் ஒருத்திதான் இருக்கிறேன், அடக்க ஆளில்லை. கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றியாயிற்று, கம்பியைக் கூட்டிப் பார்த்தாயிற்று, குறைத்துப் பார்த்தாயிற்று, என் உயிர்தான் போகிறது. மறுபடி கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டு, சக்கரத்தில் சாய்ந்து கண்ணை மூடுகிறேன், என்ஜின் ஏறுகிறது, இறங்குகிறது, அது ஆஸ்பத்திரிக் கட்டிலாகிவிடுகிறது, அவர் நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது, நான் ஸ்பேனரை வைத்துக்கொண்டு எந்தத் திருகைத் திருப்பினால் அந்த மூச்சு நிதானப்படும் என்று தேடுகிறேன், போர்வைக்கு அடியில், தலையணைக்கு அடியில், ஒரு திருகும் கிடைக்கவில்லை, நர்ஸம்மா, ஏதாச்சும் செய்யுங்கம்மா என்று நான் அலறியது வாய்விட்டே வந்திருக்க வேண்டும், வேலுத்தாய் எழுந்து நின்று, என்னத்தா என்கிறாள்.

மதினி, டாங்க்ல எண்ணெ இருக்கான்னு பாத்தீகளா என்று மொக்கராசு பாலத்திலிருந்து குரல் கொடுக்கிறான், எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, காலையில நெறைய ஊத்துனேன், நீயே வந்து பாரு என்று சொல்லிக்கொண்டே, என்ஜின் மூச்சு வாங்கி அடங்கப் போகிற நேரத்தில், எப்போதும் போல விரல் பொட்டில் படாமல் ஓரத்தைப் பிடித்து மூடியைத் திருகினேன், உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல அது வர மறுத்தது, முழுப் பலத்தையும் போட்டேன், உஸ்ஸென்று டாங்க் காற்றை உறிஞ்சியது, கொஞ்ச நேரத்தில் என்ஜின் ஒரு தடவை உறுமிவிட்டு நிதானமானது, டக டக டக என்று ஒரே சீராய், கல்யாணமான புதிதில் கேட்ட அதே சத்தம். மூடினேன், மெல்ல மெல்ல மூச்சு வாங்க ஆரம்பித்தது. திறந்தேன், உஸ், சீரானது. மூடியைப் புரட்டிப் பார்த்தேன், நடுவில் குண்டூசி நுழைகிற அளவு ஓர் ஓட்டை, எண்ணெய் இறங்க இறங்க டாங்க் காற்றை இழுத்து மூச்சுவிடுகிற வழி, அது மஞ்சளாக அடைத்திருந்தது.

போன ஆயுத பூஜை அன்று நான்தான் சந்தனக் கிண்ணத்தை ஏந்தி நிற்கிறேன், வண்டிக்குப் புதிதாக நீல பெயிண்ட் அடித்திருக்கிறார், எப்பவும் போல முன்னாடி பானெட்ல வைங்க என்கிறேன், குங்குமம் ஒட்டுனா பெயிண்ட் செவந்துரும்டி, புதுசு, என்று சுற்றிச் சுற்றி வந்து இடம் தேடி, பெயிண்ட் படாத டாங்க் மூடியில் கட்டைவிரலால் அப்பி அமுக்குகிறார், அட பாவி மனுசா, பெயிண்டைக் காப்பாற்றப் போய் மூச்சை அடைத்து வைத்திருக்கிறீர்களே. அந்த வாரமே சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், பிறகு ஈரத்துணியால் என் நெற்றியைத் துடைத்தார்கள், அழுந்தத் துடைத்தார்கள், நான் நெற்றியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வண்டியையும் கழுவிவிடலாம் என்று யாரோ வாளியோடு போனபோது மட்டும் ஓடிப்போய் குறுக்கே நின்றேன், இதத் தொட்டீகன்னா நடக்கிறதே வேற என்றேன். அன்றிலிருந்து அதைச் சுற்றித்தான் துடைத்தேன்.

இப்போது மூடியைத் திறந்துபோட்டு ஓட்டலாமா என்று யோசிக்கிறேன், சேறு தெறித்து உள்ளே விழும், எண்ணெய் அலம்பிச் சிந்தும். ரவிக்கையிலிருந்து ஊக்கை எடுத்தேன், மேலே பொட்டு உடையாமல் அடியிலிருந்து ஓட்டையை மட்டும் குத்திவிடலாம் என்று நினைத்தேன், ஒரே குத்து, பொட்டு முழுசாகப் பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது, ரேகையோடு. நான் அழுதேன், அந்தக் கூட்டம் பார்க்க, லாரிக்காரர் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு குனிந்து வாய்க்கால் தண்ணீரை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டேன், சந்தனம் குழைந்தது, குங்குமம் சிவந்தது.

வண்டி ஓடுகிறது, இரும்புச் சக்கரங்கள் சேற்றை மிதித்துக் கலக்குகின்றன, ஏற்றம் இறக்கம் இல்லாத ஒரே சத்தம், மூடி வெறுமையாய்ச் சேறு பட்டு மின்னுகிறது, வேலுத்தாயின் ஆட்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்குப் பின்னால் இறங்குகிறார்கள். பாலத்தை ஒட்டித் திரும்பும்போது மொக்கராசு என் முகத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கிறான், என்ன மதினி, நெத்தியில, என்று இழுக்கிறான். உங்க அண்ணன் வச்சதுதான் கொழுந்தனாரே, லாரிய அனுப்பிவிடுங்க, என்கிறேன். வெயிலில் பொட்டு காய்ந்து நெற்றித் தோலைப் பிடித்து இழுக்கிறது.