சனிக்கிழமைக் கணவாய்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மூக்குக்கண்ணாடியின் திருகு தளர்ந்து, குனிந்தால் விழுந்துகொண்டிருந்தது. சரிசெய்யப் போன இடத்தில் கிடைத்த கதை. கண்ணாடிக் கடைக்காரி சின்னத் திருப்புளியால் திருகை முடுக்கியபடியே சொன்னாள். கண்ணாடி அவள் கையில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது ஒரு மங்கல் முகமும் தெளிவான குரலும்தான். எங்கே சிரித்தாள், எங்கே சிரிப்பை விழுங்கினாள் என்பதெல்லாம் என் ஊகம்.

"எழுதுறதுன்னா எழுதுங்கக்கா," என்றாள். "ஆனா என்னை அழ வெச்சிடாதீங்க. நான் அழல."

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

மலை மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தில் ஒரு பெண்—

அடித்துவிட்டேன். அவள் சொன்ன மலையில் பாறையிடுக்கில் தண்ணீர் சொட்டுகிறது, இரண்டாவது கியரில் பைக் முனகுகிறது. மௌனத்துக்கு அங்கே ஏது இடம்?

மூடுபனி ஒரு வெண்திரை போல—

(இதுவும் வேண்டாம். நாள் முழுக்கக் கண்ணாடி துடைப்பவளுக்குப் பனி என்பது ஹெல்மெட் கண்ணாடியில் படியும் ஈரம். கையுறையால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.)

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மலைக்கு இந்தப் பக்கம் அவள் கடை. அந்தப் பக்கத்து நகரத்தில் அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கணவன் என்று எழுதியது பழக்கதோஷம். அவர்கள் பிரிந்து வருஷக்கணக்காகிறது. ஒரே மகள். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். வார நாட்களில் அம்மாவிடம், வாரக் கடைசியில் அப்பாவிடம் என்று ஏற்பாடு.

சுரங்கப்பாதை திறந்ததும் பஸ்ஸும் லாரியும் மலைக்கு அடியில் போய்விட்டன. அதற்குள் பைக்கை விடமாட்டார்கள். பழைய கணவாய்ச் சாலை இவர்களைப் போன்ற சிலருக்கு மட்டும் மிஞ்சியது. சனிக்கிழமை காலை அவள் இந்தப் பக்கமிருந்து ஏறுவாள், அவன் அந்தப் பக்கமிருந்து ஏறுவான். உச்சியில், கூரை போன பழைய செக்போஸ்ட் அருகே, வாயாடி ஒரு பைக்கிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிக்கொள்வாள். ஞாயிறு மாலை அதுவே திரும்பவும்.

3

அவன் என்பதா, அவர் என்பதா? அவர் என்றால் இன்னும் குடும்பம் நடத்துவது போல இருக்கிறது. அவன் என்றே வைத்துக்கொள்கிறேன். அவளுக்கும் இதே சிக்கல்தான்.

"கல்யாணமானதுலேருந்து 'என்னங்க'ன்னுதான் கூப்பிட்டேன். பிரிஞ்சப்புறம் என்னன்னு கூப்பிடுறது? வாயில எதுவுமே வரல. எல்லாம் வாயாடி வழியாத்தான். 'உங்கப்பாகிட்ட சொல்லு, உனக்குச் சளி பிடிச்சிருக்கு'ன்னு அவர் காதுபடவே சொல்லுவேன். அவரும் 'உங்கம்மாகிட்ட சொல்லு, பின் டயர் மொழுக்குன்னு ஆயிடுச்சு'ம்பாரு. அவ நடுவுல நின்னு, 'ரெண்டு பேரும் என்னைத் தபால்காரின்னு நெனச்சீங்களா'ன்னு கத்துவா."

எனக்கு அவன் மேல் சந்தேகம். இத்தனை சாதுவான ஆளை விட்டு ஏன் பிரிய வேண்டும்? குடியா, இன்னொருத்தியா? குடிக்கு ஒரு பத்தி எழுதியே பார்த்தேன். மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா! அதுக்காக நல்லவர்னும் எழுதிடாதீங்க. கோவம் வந்தா பேச மாட்டாரு, நாள்கணக்கா. தட்டைத் தூக்கி எறியிறவன்கிட்ட சண்டையாவது போடலாம். சுவரோட எப்படிக் குடும்பம் நடத்துறது? நானும் லேசுப்பட்டவ இல்ல. பதிலுக்குப் பேச்சை நிறுத்துனேன். யாரு மொதல்ல வாயத் தொறக்குறதுங்கிற போட்டியிலேயே வீடு போச்சு."

பத்தியைக் கிழித்துப் போட்டேன்.

4

வாயாடி வளர்ந்து, தூரத்து ஊர்க் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். ரயிலேற்றிவிட இருவருமே போனார்கள். ரயில் நகர்ந்ததும் பிளாட்பாரம் அகலமாகிவிட்டது போல இருந்ததாம். தலையை மட்டும் அசைத்துக்கொண்டு ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே வந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை மலைக்குப் போக அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. ஹெல்மெட்டை மாட்டிய பிறகுதான் அது உறைத்தது. மாட்டியதைக் கழற்றவில்லை.

(அடைப்புக்குறிகளை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவளோடு போவோம்.)

அடிவாரத்தில் வெயில். மரங்கள் அடர்ந்ததும் விரல் முட்டிகளில் குளிர் ஏறியது. சாலையில் இலைகள் ஊறிக் கிடந்தன. பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்தே ஏறினாள். ஒரு வளைவில் மண் சரிந்து பாதிச் சாலையை அடைத்திருந்தது. காலை ஊன்றி ஊன்றி ஓரமாகக் கடந்தாள். எதிரே ஒரு வண்டி இல்லை. சும்மா ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தாள்.

வழக்கமாக இந்த இடத்தில், பேசிக் களைத்த ஒரு தலை அவள் முதுகில் சாய்ந்திருக்கும். இப்போது அங்கே காற்று அடித்தது. பள்ளங்களில் வண்டியின் பின்பக்கம் கனமில்லாமல் துள்ளியது. "ஏய், தூங்கிடாதடி, விழுந்துடுவ," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் அந்தக் குரல் அவளுக்கே திரும்பக் கேட்டது.

ஒவ்வொரு வளைவிலும் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். வண்டியைத் திருப்பச் சாலை குறுகல் என்று தனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

5

உச்சியில் அவன் பைக் நின்றிருந்தது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கோளாறும் இல்லாத இன்ஜினை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். அவள் பின்சீட்டைப் பார்த்தான்.

"வாயாடி வரலையா?"

ரயிலேற்றிவிட்டவனே கேட்கிறான்.

"வரல."

"ஓ."

ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவன் பார்வை பின்சக்கரத்துக்கு இறங்கியது.

"செயின் தொங்குது," என்றான்.

யாரிடம் சொல்கிறான் என்று அவள் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் தன்னிடம் என்று புரிந்தது.

ஸ்பேனரை எடுத்து வந்து பின்சக்கர நட்டைத் தளர்த்தி, செயினை இழுத்துக் கட்டினான். அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் உச்சந்தலையில் முடி மெலிந்திருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம்.

(ஒரே ஒரு அடைப்புக்குறி, மன்னிக்கவும். "தொடணும்போல இருந்துச்சா?" என்று கேட்டேன். "ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்கா," என்றாள்.)

நடுவில் ஆளில்லாமல் பேசினார்கள். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு ஆள், காப்பாற்றி வெளியே எடுத்த இவனையே பிடித்துத் திட்டியதைப் பற்றி. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரே வீட்டில் இருந்த காலத்தில் அவன் இப்படி ஒரு கதை சொன்னதே இல்லையாம்.

கிளம்பும்போது கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி சொன்னான்:

"புதுசா இழுத்துக் கட்டுனது. அடுத்த சனிக்கிழமை ஒரு தடவ பாக்கணும்."

சரியாக இழுத்துக் கட்டிய செயினை ஒரு வாரத்தில் யாரும் பார்க்க வேண்டியதில்லை. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

"பாக்கலாம்," என்றாள்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அடுத்த சனிக்கிழமை இரண்டு பைக்குகளும் ஒரே பக்கமாக இறங்குகின்றன. சினிமா. இன்னொன்றில் அவள் ஏறி வரும்போது உச்சியில் யாருமில்லை. அதைப் படித்ததும் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"அந்த வார்த்தையை எப்படிச் சொன்னே?" என்று கேட்டிருந்தேன்.

"சும்மா 'பாக்கலாம்'னுதான்கா. அவர் ரொம்ப நேரம் என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. என்ன அர்த்தத்துல சொன்னேன்னு எனக்கே தெரியல."

பிடிக்காத அழைப்பைத் தட்டிக்கழிக்க நாம் சொல்வது அந்தச் சொல்தான். செயினைச் சோதிக்கச் சம்மதிப்பதும் அதுதான். மறுபடி சந்திப்போம் என்பதும் அதுவே. எழுத்து ஒன்று, குரல் வேறு வேறு. அந்தக் குரலைத் தாளில் இறக்க எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் உச்சியில் பேசியது போன சனிக்கிழமை. இதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். நாளைக் காலை அவள்—

வேண்டாம். திங்கட்கிழமை கடைக்குப் போய்க் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கப் போவதில்லை. உங்களுக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல யாரோ ஒருவர் இருப்பார். அவரை நினைத்து ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வாயில் அது எப்படி வருகிறதோ, அவளும் அப்படித்தான் சொன்னாள்.