முயலுக்குத் தெரியாத வெளிச்சம்

அறையில் எங்கேயோ வெளிச்சம் ஒழுகுகிறது என்று முதலில் கத்தியவள் நான்தான்.

"நவ்ஃபல்! போனை உள்ள கொண்டுவந்துட்டியா?"

"இல்லக்கா. வெளியில பிஸ்கட் டப்பாவுலதான் கெடக்கு. நீங்கதானே போடச் சொல்லிக் கழுத்தப் பிடிச்சீங்க?"

துனிஸில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிற எவரும் போனையும் கைக்கடிகாரத்தையும் அந்த டப்பாவில் போட்டுவிட்டுத்தான் கறுப்புத் திரைகளைத் தாண்ட வேண்டும். திரை இரண்டு. முதல் திரையை மூடாமல் இரண்டாவதைத் திறந்தவன் என் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. துறைத்தலைவரையே ஒருமுறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். உள்ளே கிண்ணத்தில் உயிரோடு கிடப்பது ஒரு முயலின் விழித்திரை. முயல் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. விழித்திரை மட்டும் உப்புநீரில், பிராணவாயுக் குமிழிகளின் தயவில் சாயங்காலம்வரை தாங்கும். இருட்டிலேயே ஊறிப்போன அதன்மேல் ஒரு தீக்குச்சி வெளிச்சம் பட்டாலும் அன்றைய வேலை பாழ்.

அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊசி முடியைவிட மெல்லியது. நரம்புச் செல் ஒன்று துடித்தால் ஒலிபெருக்கியில் ஒரு 'டக்' கேட்கும். நிறையத் துடித்தால் மணலில் கடலை வறுபடுகிற சத்தம். ஒரு செல் வெளிச்சம் வந்தால் பொரியும். அடுத்தது வெளிச்சம் போனால்தான் பொரியும். இன்னொன்று, ஏதாவது இடமிருந்து வலமாக நகர்ந்தால் மட்டும் வாயைத் திறக்கும். வலமிருந்து இடமாக யானையே போனாலும் மூச்சு விடாது. பார்வை என்பது இவ்வளவுதான். கண்ணிலிருந்து மூளைக்குப் படம் எதுவும் போவதில்லை, இந்தத் தட்டல்கள்தான் போகின்றன. மூளை பிறந்ததிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்ததே கிடையாது. தட்டுகிறவன் சொல்வதை நம்பிப் பிழைக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லிப் பிள்ளைகள் விழிப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் கொண்டாட்டம்.

மறுபடியும் வெளிச்சம் வெட்டியது. இடது ஓரத்தில், வெள்ளையாக, வளைந்து.

"அதோ! பாத்தியா?"

"எதக்கா?"

"மின்னலாட்டம் வெட்டுச்சே. ஏசி மூலையில."

"நான் ஒண்ணும் பாக்கலையே."

"உனக்கு இருக்கிறது கண்ணா? ஊறப்போட்ட ரெண்டு ஆலிவ்."

"ஆலிவ்னாலும் எங்க ஊரு ஸ்ஃபாக்ஸ் ஆலிவ்க்கா. மட்டமாப் பேசாதீங்க."

நவ்ஃபல் என்னைவிட இளையவன். இந்தக் கருவிகளையெல்லாம் கட்டி நிறுத்தியவன். வாய் ஓயாது, கையும் ஓயாது. இருவரும் இருட்டில் தடவித் தடவி ஏசியின் விளிம்பில் கறுப்பு நாடா ஒட்டினோம். கருவிகளின் குட்டி விளக்குகள்மேல் ஏற்கெனவே ஒட்டியிருந்ததற்கு மேலேயும் ஒட்டினோம். அவன் தன் கோட்டைக் கழற்றிக் கதவடியில் திணித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டடம் கட்டியவனை, கதவு செய்தவனை, பக்கத்து ஆய்வுக்கூடத்துக்காரர்களை எல்லாம் திட்டி முடித்தேன். முடித்த கையோடு மறுபடி வெட்டியது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றான். "நீங்க கத்துறப்பல்லாம் முயல் சும்மாதான் இருக்கு."

நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். டக். கொஞ்சம் பொறுத்து, டக். தூங்குகிறவன் புரண்டு படுப்பதைப்போல. ஊசி நின்றிருந்தது வெளிச்சம் வந்தால் பொரிகிற செல்லில். எங்கள் இருவருக்கும் தெரியாத மங்கல் ஒளிகூட அதற்குத் தெரியும். அதற்கு என்மேல் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. காத்திருந்தேன். இடது ஓரம் பளிச்சென்றது. ஒலிபெருக்கி அதே சோம்பலோடு ஒரு 'டக்' சொன்னது.



வெளிச்சம் அறையில் இல்லை. கண்களை இறுக்க மூடினேன். மூடிய இடது கண்ணுக்குள்ளும் வெட்டியது.

விழித்திரைச் செல்லுக்குத் தெரிந்தது ஒரே பேச்சு. ஒளி விழுந்தாலும் வெளிச்சம் என்றுதான் சொல்லும், யாராவது அமுக்கினாலும் வெளிச்சம் என்றுதான் சொல்லும். கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி அதைப் பிடித்து இழுத்தாலும் அதே வெளிச்சம்தான். சின்ன வயதிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட என்னைப் போன்றவர்களுக்கு அந்த இழுப்பில் விழித்திரை கிழியும். கிழிசல் வழியாக நீர் புகும். ஈரச் சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோல ஓரத்திலிருந்து பெயர்ந்துகொண்டே வரும். நடுப்பகுதி பெயர்ந்துவிட்டால், பிறகு ஒட்டினாலும் பழைய பார்வை திரும்புவது கடினம். புத்தகம் பார்க்காமல் ஒப்பிப்பேன் இதையெல்லாம். ஒப்பித்தேன்.

"நவ்ஃபல், என் கண்ணுதான்."

அவனும் இதே பாடத்தைப் படித்தவன்.

"எது வரைக்கும் போயிருக்கு?" என்றான் மெல்ல.

"தெரியலடா."

எப்படித் தெரியும்? பெயர்ந்த இடமும் கறுப்பு, இருட்டும் கறுப்பு. அந்த அறையில் என் கண் முழுசாக இருந்தாலும் பாதி போயிருந்தாலும் எனக்கு ஒன்றேதான்.

"விளக்கப் போடறேன்க்கா."

"போடாதே! முயல் பாழாப்போயிடும்."

"முயல் செத்தாச்சு."

"இன்னும் ரெண்டு செல் பதிவு பண்ணிட்டு..."

"அக்கா" என்றான். அதற்குமேல் பேசவில்லை. எந்நேரமும் லொடலொடவென்று பேசுகிறவன் அப்படி நிறுத்தியதும் என் பயம் இரட்டிப்பானது.

முயலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. விளக்கு எரியாதவரை என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். எரிந்தால் தெரிந்துவிடும். அவ்வளவு பெரிய கோழையாக நான் இருப்பேன் என்று நானே நினைத்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "யா ரப்பி, யா ரப்பி" என்று இறைவனைக் கூப்பிட்டு முனகினேன்.

அவன் சுவிட்சைப் போட்டுவிட்டான்.

ஒலிபெருக்கி அலறியது. கடலைச் சட்டியே கவிழ்ந்ததுபோல அந்தச் செல் பொரிந்து தள்ளியது. இத்தனை வருஷத்தில் வேலை நடக்கும்போது இந்த அறையில் வெள்ளை விளக்கு எரிந்ததே இல்லை. நான் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணைத் திறந்தேன்.

நவ்ஃபலின் முகம். வியர்வை, மீசை, பயந்துபோன அந்த இரண்டு ஆலிவ்கள். சட்டைக் காலர், அதற்குக் கீழே முதல் பொத்தான்.

"தெரியுதுடா! உன் மூஞ்சி தெரியுது!" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ். நடுவுல ஒண்ணும் ஆகல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், கீழ டாக்ஸி கெடைக்கும். வாங்க, மெதுவா. கையப் பிடிச்சுக்குங்க."

வலது கண்ணைப் பொத்திய கையை எடுக்காமல் அவன் முகத்தையே பார்த்தபடி நின்றேன். பிடிமானம் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது.

"சரி, கைய நீட்டு" என்றேன்.

"நீட்டிக்கிட்டுதானேக்கா நிக்கிறேன்" என்றான்.